மாடி மிளகாயும் ஐப்பசி மழையும்: காயவைத்தல், புகையூட்டல், வறுத்தல் பற்றிச் சில குறிப்புகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று கிலோ மிளகாய்ப் பழத்திலிருந்து வந்த வத்தல் முழுவதையும் குப்பையில் கொட்டினேன். மொட்டை மாடியில் இருபது பைகளில் நானே விதை போட்டு, அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்து, நாலு மாசம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அம்மா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அம்மா பரமக்குடிப் பக்கம் மிளகாய் போடும் குடும்பத்தில் பிறந்தவர். வத்தலைக் குப்பையில் கொட்டுவது அவருக்குச் சோற்றைக் காலால் மிதிப்பது மாதிரி. "மேல லேசா பூத்திருக்கு, அதுக்குப் போயி... துடைச்சுட்டு, எண்ண தடவி இன்னும் ரெண்டு வெயில் காட்டுனா சரியாயிரும்டா" என்றார். நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டேன். அரைக்க எடுத்து வைக்கும்போது ஒரு வத்தலைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே விதையெல்லாம் சாம்பலும் பச்சையும் கலந்த பொடியாக இருந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. வெளியே பளபளவென்று நல்ல சிவப்பு, உள்ளே பூஞ்சை. அந்தப் பொடி என் பையனின் இட்லிக்குப் போக வேண்டியது.

கொட்டிவிட்டேனே தவிர, மனசு ஆறவில்லை. அம்மாவின் முறை தலைமுறை தலைமுறையாக வந்த முறை. அது ஏன் என் மாடியில் தோற்றது? அதற்குப் பதில் தேடி இரண்டு வருஷம் படித்ததும், சமையலறைத் தராசை வைத்துச் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. நான் உணவு விஞ்ஞானி கிடையாது, மென்பொருள்காரன். ஒரு விஷயம் ஏன் உடைந்தது என்று தெரியாமல் விட முடியாத வியாதி மட்டும் உண்டு.

காய்வது என்றால் என்ன?

நன்றாகப் பழுத்த சம்பா மிளகாயில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஐம்பது கிராம் பழத்தை நறுக்கி, எடை குறைவது நிற்கும் வரை அவனில் வைத்துப் பார்த்தேன். மிஞ்சியது 12 கிராம். அதாவது 24% திடப்பொருள், 76% தண்ணீர். ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து இது மாறும். செடியிலேயே கொஞ்சம் வாடிய பழத்தில் தண்ணீர் குறைவு, பச்சை மிளகாயில் இன்னும் அதிகம்.

வத்தலில் ஈரம் சுமார் 10 சதவீதத்துக்கு வந்தால் பத்திரம். கணக்கு எளிது: பழத்தின் எடையைத் திடப்பொருள் பங்கால் பெருக்கி 0.9 ஆல் வகுங்கள். 500 கிராம் பழத்தில் திடப்பொருள் 120 கிராம், வத்தல் 133 கிராமுக்கு வர வேண்டும். விவசாயிகள் சொல்கிற "நூறு கிலோ பழத்துக்கு இருபத்தஞ்சிலிருந்து முப்பத்தஞ்சு கிலோ வத்தல்" என்ற கணக்கும் இதேதான்.

கொட்டுவதற்கு முன் என் வத்தலை எடை போட்டிருந்தேன்: 1 கிலோ 40 கிராம். மூன்று கிலோ பழம் சரியாகக் காய்ந்திருந்தால் 800 கிராம்தான் இருக்க வேண்டும். ஆக 240 கிராம், ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர், அத்தனை வத்தலுக்குள்ளும் ஒளிந்துகொண்டிருந்தது. ஈரம் 30 சதவீதத்துக்கும் மேல். மூன்று கிலோ மிளகாயைக் கெடுக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதுமா என்று கேட்டால், போதும்.

காரணம், பூஞ்சைக்கு மொத்த ஈரம் முக்கியமில்லை. எவ்வளவு தண்ணீர் அதன் கைக்கு எட்டும் என்பதுதான் கணக்கு. உப்பும் சர்க்கரையும் நாரும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைப் பூஞ்சையால் எடுக்க முடியாது. இந்தக் கைக்கெட்டும் தண்ணீரை 0-விலிருந்து 1 வரை ஓர் அளவால் குறிக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாட்டர் ஆக்டிவிட்டி என்பார்கள், நான் நீர்ச்செயல்பாடு என்று எழுதுகிறேன். சுத்தத் தண்ணீருக்கு 1. 0.6-க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் வளராது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைக்கு 0.8-ஐ ஒட்டிய அளவாவது வேண்டும். நம்ம ஊர் வெப்பநிலை அதற்கு மிகவும் பிடித்தமானது.

அந்தப் பூஞ்சையின் பெயரை வேண்டுமென்றேதான் சொன்னேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆஸ்பெர்ஜில்லஸின் 'அ', ஃபிளேவஸின் 'ஃபிளா' இரண்டையும் சேர்த்து அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் இது இருக்கிறது. வத்தல், மிளகாய்த் தூளில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது.

அம்மாவின் யோசனை ஏன் சரிப்படாது என்பதற்கு இங்கேதான் பதில். பூஞ்சையைத் துடைக்கலாம், வெயிலில் கொல்லலாம், வாணலியில் வறுக்கலாம். நஞ்சு போகாது. அது சிதைய 240 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் வத்தல் கரியாகிவிடும். மிளகாயில் எல்லாப் பூஞ்சையும் இந்த நஞ்சைத் தயாரிக்காது என்பது உண்மைதான். ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் சின்ன விதி: உள்ளே பூத்த வத்தலுக்கு மறுவாழ்வு கிடையாது.

தப்பு முறையில் இல்லை, மாசத்தில்

சரி, அம்மாவின் ஊரில் காலங்காலமாகக் காய்கிறதே, அது எப்படி?

ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டேன். "எங்க ஊர்ல மாசி, பங்குனி, சித்திரையிலதானடா களத்துல காயப்போடுவோம். நீ ஐப்பசியில பறிச்சுக்கிட்டு வந்து நின்ன" என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ எங்க கேட்ட?" என்றார். நியாயம்தான்.

ராமநாதபுரம் மானாவாரி மிளகாய் புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. மழை முடிந்து, தைக்குப் பிறகு பழுத்து, கொளுத்தும் வெயிலில் களத்துக்கு வருகிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயின் கதையும் இதுதான். நானோ சென்னைப் புறநகரில் ஆனி மாதம் விதை போட்டேன், செடி ஐப்பசியில் பழுத்தது. பகலில் 85% ஈரப்பதம், மத்தியானம் ஒரு தூறல், சாயங்காலம் அவசரமாக வாரி, சூடு ஆறாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்தேன். ராத்திரி பைக்குள் வியர்த்திருக்கும். பூஞ்சைக்கு நானே ஏசி அறை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதை யோசித்தபோதுதான் வேறு ஊர்களைப் பற்றிப் படித்தது எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது.

மெக்சிகோவில் ஹலபெனோ என்று ஒரு மிளகாய். வெராக்ரூஸ் மாநிலத்தில் உள்ள ஹலாபா ஊரின் பெயரால் வந்த பெயர். குட்டையாக, குடைமிளகாய் மாதிரி தடித்த சதையோடு இருக்கும். வெயிலில் போட்டால் காய்வதற்கு முன் அழுகிவிடும். அதனால் பழுத்ததும் புகையில் போட்டு நாள்கணக்கில் உலர்த்துகிறார்கள். அதுதான் சிபோட்லே. பெயரே நாஹுவாட்ல் மொழியில் 'புகை மிளகாய்' என்றுதான் பொருள்படும். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்த பழக்கம்.

ஸ்பெயினுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது. தென்கிழக்கில் முர்சியா வறண்ட பகுதி. அங்கே மிளகாயை வெயிலில் காயவைக்கிறார்கள். மேற்கே லா வேரா பள்ளத்தாக்கில் அறுவடை நேரத்தில் இலையுதிர்கால மழை பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே தனிக் கட்டடம் கட்டி, கீழே ஓக் விறகை மூட்டி, மேல் தளத்தில் மிளகாயைப் பரப்பி, தினமும் புரட்டிவிட்டு, பத்து பதினைந்து நாள் உலர்த்துகிறார்கள். பிமென்டோன் என்ற புகழ்பெற்ற புகை மிளகாய்த் தூள் அப்படி வந்ததுதான். இன்றைக்கு அந்த வாசனைக்காக உலகமே காசு கொடுக்கிறது. ஆரம்பம் மழைக்குத் தப்பிக்கிற வழி.

ஆக, உலர்த்தும் முறை என்பது அந்த ஊர் வானிலைக்கும் அந்த மிளகாயின் சதைத் தடிமனுக்கும் சேர்த்துச் சொன்ன பதில். முறையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து பருவத்தை ஊரிலேயே விட்டுவிட்டால் என் கதிதான்.

வெயில்: செய்ய வேண்டியதும் கூடாததும்

மாசிக்குப் பிறகு என்றால் வெயிலை மிஞ்ச எதுவும் இல்லை. செலவும் இல்லை. கவனிக்க வேண்டியவை:

மிளகாய்த் தோல் மேல் மெழுகுப் படலம் உண்டு. தண்ணீர் தோல் வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். காம்புப் பக்கம் ஒரு ஊசிக் குத்து, அல்லது நெடுக ஒரு கீறல் போட்டால் நேரம் நன்றாகக் குறைகிறது. நான் பார்த்தவரை முழு சம்பா ஆறு வெயில் கேட்டது, கீறியது நாலு வெயிலில் முடிந்தது.

பறித்த கையோடு உச்சி வெயிலில் போடாதீர்கள். முதலில் நிழலில் குவித்து இரண்டு நாள் வைத்தால் அரைப்பழம் எல்லாம் ஒரே மாதிரி சிவக்கும். குவியலை நடுவில் கிளறி விட வேண்டும்.

சாயங்காலம் அள்ளி, ஆறவிட்டு, துணியால் மூடிக் குவித்து வைப்பது நல்ல பழக்கம். பனி படாது என்பது மட்டும் காரணமில்லை. பகலில் தோல் பக்கம் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் நிற்கும். ராத்திரி ஓய்வில் உள் ஈரம் மெதுவாக வெளிப்பக்கம் நகரும். மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொள்ளும். நெல் உலர்த்தும் ஆலைகளிலும் இப்படி இடைவெளி விட்டுத்தான் உலர்த்துகிறார்கள். பாலித்தீன் மட்டும் கூடாது.

காய்ந்த பிறகும் வெயிலிலேயே விடக்கூடாது. சிவப்பைக் கொடுப்பது காப்சாந்தின், காப்சோரூபின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகள். வெளிச்சமும் ஆக்சிஜனும் அவற்றை வெளுக்க வைக்கும். வெளுத்த வத்தலில் காரம் இருக்கும், நிறம் இருக்காது.

உலர்த்தும் பெட்டி: அவசரப்பட்டால் ஏமாற்றும்

மழை மாசத்துக்காக ஐந்து தட்டு மின் உலர்த்தி ஒன்று வாங்கினேன். உள்ளே ஒரு சூடேற்றும் கம்பியும் ஒரு விசிறியும்தான், வேறு மாயம் இல்லை.

முதல் தடவை, சீக்கிரம் முடியட்டும் என்று 70 டிகிரியில் முழு மிளகாயைப் போட்டேன். பத்து மணி நேரத்தில் மேலே மொறுமொறு. எடை போட்டால் கணக்கு உதைத்தது. கிள்ளிப் பார்த்தால் நடுவே பிசுபிசுப்பு. வெளித்தோல் வேகமாகக் காய்ந்து இறுகி, உள் ஈரம் வெளியே வர வழியை அடைத்துவிடுகிறது. குப்பைக்குப் போன என் வத்தலும் இதே ஜாதிதான், வெளியே பளபள, உள்ளே ஈரம்.

இப்போது செய்வது: நெடுக இரண்டாக வகிர்ந்து, 57 டிகிரி, ஒன்பது மணி நேரம். ஒரு தடவைக்கு இரண்டரை யூனிட் கரண்ட். முழுசாகத்தான் வேண்டும் என்றால் 22 மணி நேரம் ஆகிறது. மணியை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள். குறி வைத்த எடை வந்தால் நிறுத்துங்கள்.

வகிரும்போது கையுறை அவசியம். காரத்துக்குக் காரணமான காப்சைசின் இருப்பது விதையில் இல்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான் உண்டாகிறது, விதைக்கு ஒட்டிய காரம்தான். அது தண்ணீரில் கரையாது. எரிகிற கையை முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போடுங்கள். கண்ணைத் தேய்த்த அனுபவம் எனக்கு உண்டு, விவரிக்க விரும்பவில்லை.

உலர்த்தினால் காரம் கூடுமா என்று கேட்பார்கள். காப்சைசின் கூடுவதில்லை, கொஞ்சம் குறையக்கூட செய்யும். ஆனால் 500 கிராம் 133 ஆகச் சுருங்கும்போது ஒரு கிராமில் இருக்கும் காரம் மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. பச்சையாக நாலு போட்ட இடத்தில் வத்தலாகவும் நாலே போடுங்கள், நாலு மடங்கு எடை போடாதீர்கள்.

மோர் மிளகாய்: மழைக்கு நம்ம வீட்டுப் பதில்

புகை மெக்சிகோவின் பதில் என்றால், மோர் மிளகாயை நம்ம பாட்டிகளின் பதில் என்று சொல்லலாம். கீறிய பச்சை மிளகாயை உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே மோர். மோர் வற்றும் வரை மூன்று நாலு நாள்.

கெமிஸ்ட்ரி கண்ணாடி போட்டுப் பார்த்தால் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று தெரியும். உப்பு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது, மிச்சத் தண்ணீரைப் பூஞ்சைக்கு எட்டாமல் பிடித்துக்கொள்கிறது. மோரின் லாக்டிக் அமிலம் கெட்ட நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுப்பதில்லை. நடுவே ஒரு நாள் வெயில் அடிக்காவிட்டாலும் மிளகாய் அழுகாமல் தாக்குப்பிடிப்பது இதனால்தான். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் காப்சைசினை ஒட்டிக்கொள்வதால் காரத்தின் முனை மழுங்குகிறது. எண்ணெயில் பொரிக்கும்போது வரும் கரும்பழுப்பும் வாசனையும் தோலில் படிந்த பால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வறுபடுவதில் வருகிறது.

இதற்கு உப்பைக் குறைக்காதீர்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் ஒன்று தின்கிற இடத்தில் பாதி தின்னுங்கள். உப்பைக் குறைத்துப் போட்டால் மிளகாய் கெடும்.

புகை: ஒரு பழைய டின்னும் கொய்யா விறகும்

நண்பர் கொடுத்த விதையில் நாலு ஹலபெனோச் செடி வளர்ந்தது. அது கார்த்திகையில் பழுத்தபோது, புகையை முயற்சி செய்ய வேண்டிய நேரம் என்று தோன்றியது.

ஒரு பழைய எண்ணெய் டின். அடியில் பக்கவாட்டில் ஓட்டை, மேலே கம்பி வலை, மூடியில் ஒரு சின்ன ஓட்டை. எண்ணெய் டின்னை முதலில் வெறும் தீயில் நன்றாகச் சுட்டுக் கழுவினேன். உள்ளே கொஞ்சம் சிரட்டைக் கரி நெருப்பு, அதன் மேல் காய்ந்த கொய்யா விறகுச் சில்லுகள். வலை மேல் இரண்டாக வகிர்ந்த பழங்கள். வலைப் பக்கத்தில் வெப்பமானி 60-லிருந்து 80 டிகிரி வரை காட்டியது. மூன்று மணி நேரம் புகை. மீதி உலர்த்தலை மின்பெட்டியில் முடித்தேன். மெக்சிகோக்காரர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் அடுக்குமாடியில் பத்து நாள் புகை போட முடியாது.

புகைக்குள் என்ன இருக்கிறது? மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் உடையும்போது குவையகோல், சிரிங்கோல் என்ற பீனால் வகைப் பொருட்கள் வருகின்றன. நாம் 'புகை வாசனை' என்று சொல்வது பெரும்பாலும் இவைதான். இவை நுண்ணுயிரையும் எண்ணெய்ச் சிக்கலையும் தடுக்கின்றன. அதோடு அசிட்டிக் அமிலம், கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு. அதாவது புகை உலர்த்துவதோடு நிற்காமல் மேல்தோலுக்கு ஒரு பாதுகாப்புப் பூச்சும் கொடுக்கிறது. மழை ஊரில் இது பெரிய விஷயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விறகு தீப்பிடித்துக் கொழுந்துவிட்டு எரிந்தால், அல்லது மூச்சுமுட்டிக் கரும்புகை கக்கினால், பென்சோபைரீன் போன்ற பொருட்கள் அதிகமாகும். அதுவும் புற்றுநோய்ப் பட்டியலில் உள்ளதுதான். ஒரு நஞ்சுக்குப் பயந்து இன்னொன்றை வரவழைக்கக் கூடாது. அதனால் சுடர் இல்லாமல் கனிய வேண்டும், புகை மெலிதாக வெளிர்நீலமாக வர வேண்டும், பழம் நெருப்புக்கு நேர் மேலே இல்லாமல் தள்ளி இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த கட்டை, பிளைவுட், பிசின் வடியும் மரம் எதுவும் வேண்டாம். அரளிக் குச்சி வேண்டவே வேண்டாம், முழுச் செடியும் விஷம். புகை மிளகாய் தினசரிச் சமையலுக்கு இல்லை, எப்போதாவது ஒரு கிள்ளு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முகர்ந்து பார்த்து, "கருவாட்டு வாசம் வருதுடா" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் கத்தரிக்காய் புளிக்குழம்பில் ஒன்று மிதந்தது.

வறுத்தல்: இருமலுக்கு யார் காரணம்?

காய்ந்த வத்தலை வறுப்பது வேறு வேலை. இங்கே நோக்கம் ஈரம் இல்லை, வாசனை. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரிந்து, வறுத்த காபி, கடலையில் வரும் அதே குடும்பத்துப் பொருட்கள் உண்டாகின்றன.

வாணலியின் சூட்டைத் தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன். இரும்புச் சட்டி 150, 160 டிகிரியில் இருந்தபோது வத்தல் இரண்டு நிமிஷத்தில் உப்பி, நிறம் ஆழ்ந்து, நல்ல வாசனை வந்தது. 220-ஐத் தொட்டபோது முப்பது விநாடியில் கருகி, வீடு முழுக்க இருமல். கீழ் வீட்டு மாமி மேலே வந்துவிட்டார்.

அந்த இருமல் சுவாரசியமானது. காப்சைசின் 60-க்கு மேல் சில டிகிரியில் உருகினாலும், லேசில் ஆவியாகாது. கருகும்போது எழும் புகையோடும் எண்ணெய்த் துளிகளோடும் சேர்ந்து நுண்துகளாக மிதந்து மூச்சுக்குழலுக்குப் போகிறது. அங்கே உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் 'சுடுகிறது' என்று மூளைக்குத் தந்தி அடிப்பது அதன் வேலை. காப்சைசின் பட்டாலும் அதே தந்திதான் அடிக்கும். 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு இதைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவரும் ஆர்டெம் பட்டபூட்டியனும் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். இருமல் ஆராய்ச்சியில் ஆளை இருமவைக்கக் காப்சைசினைத்தான் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இது விளையாட்டு இல்லை. வறுக்கும்போது அவரை வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறங்கள், தீயைக் குறையுங்கள்.

என் மாடியில் அணில் மிளகாயைத் தொடாது, கிளி கொத்தித் தின்னும். பறவைகளிடம் இதே ஏற்பி இருந்தாலும் அதைக் காப்சைசின் உசுப்புவதில்லை. மென்று விதையை நொறுக்கும் பிராணியை விரட்டி, முழுசாக விழுங்கித் தூரத்தில் போடும் பறவையைச் செடி விட்டுவைக்கிறது.

பச்சையாக நெருப்பில் சுட்டுத் தோலுரித்த மிளகாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை எண்ணெயில் முக்கி, பாட்டிலில் அடைத்து, அலமாரியில் வைக்காதீர்கள். அமிலம் குறைவு, ஈரம் அதிகம், காற்று இல்லை. போட்டுலிசம் நஞ்சைத் தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. 1977-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், சரியாகப் பதப்படுத்தாமல் புட்டியில் அடைத்த ஹலபெனோவால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள். சுட்டதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

முந்நூறு ரூபாய் ஆய்வகம்

வத்தல் முழுசாகக் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடைக் கணக்கு ஒரு வழி. இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, உள்ளே உள்ள பொருளின் நீர்ச்செயல்பாட்டோடு சமநிலைக்கு வந்துவிடும். உள்காற்றின் ஈரப்பதம் 65% என்றால் வத்தலின் நீர்ச்செயல்பாடு 0.65. ஆகவே முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியை வத்தலோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஒரு நாள் கழித்துப் படியுங்கள். மலிவுக் கருவி நாலைந்து சதவீதம் முன்பின் காட்டும், அதனால் நான் 60-க்குக் கீழே வந்தால்தான் விடுவேன்.

தைக்குப் பிறகு பழுக்கிற மாதிரி இந்த முறை புரட்டாசியில் விதைத்தேன். மாசியில் வந்த வத்தலை அம்மாவிடம் கொடுத்து, "காஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்லும்மா" என்றேன். நான் தராசும் பாட்டிலும் எடுத்து வைப்பதைப் பார்த்து, "என்னடா இது, வத்தல மருந்து மாதிரி நிறுத்துக்கிட்டு" என்றார். ஒவ்வொரு பிடியாக எடுத்துக் காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினார். விதை கலகலவென்று சத்தம் போட்டால் ஒரு பக்கம், சத்தம் அமுங்கினால் மறுபக்கம். மடக்கிப் பார்த்து, தோல் மாதிரி வளைந்தால் அதுவும் மறுபக்கம். ஐந்து நிமிஷத்தில் இரண்டு குவியல்.

இரண்டையும் தனித்தனி பாட்டிலில் போட்டு மூடினேன். மறுநாள் கலகலத்த பாட்டிலில் 49%. அமுங்கிய பாட்டிலில் 74%.

அவரிடம் காட்டினேன். எண்ணைப் பார்த்துவிட்டு, "அதான் நேத்தே சொன்னேனே" என்றார். அமுங்கிய குவியல் அன்றைக்கே மறுபடி மாடிக்குப் போய், இரண்டு வெயில் பார்த்து 52-க்கு இறங்கியது.

அன்றைக்குக் கொட்டிய மூன்று கிலோவைப் பற்றியும் பேசினோம். உள்ளே பூத்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை வான்கோழிக் கதை சொல்லித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். "ஊர்ல பூத்ததத் தனியாப் பொறுக்கி வச்சு வெல கொறச்சு விப்போம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அந்த விலை குறைந்த வத்தல் யார் வீட்டுக்குப் போகும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசித்தோம். கடையில் தூள் வாங்கும்போது உள்ளே என்ன அரைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. முழு வத்தலாக வாங்கினால் கிள்ளியாவது பார்க்கலாம். இப்போது எங்கள் வீட்டில் அரைப்பதற்கு முன் பிடிக்கு நாலு வத்தலைக் கிள்ளிப் பார்ப்பது அம்மாவின் வேலை.

நீங்கள் மாடியில் மிளகாய் வைத்திருந்தால், விதைப்பதற்கு முன் ஒரு தாளில் பழுக்கும் மாசத்தை எழுதிப் பாருங்கள். அது மழை மாசம் என்றால் மோர், புகை, மின்பெட்டி மூன்றில் ஒன்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வத்தல் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். காதில் குலுக்குவது தவிர வேறு முறை இருந்தால் அதையும் பாட்டிலில் போட்டு அளந்து பார்க்க ஆசை.